தொட்டிக்குள் காத்து இல்லை

உங்களால் எவ்வளவு நேரம் மூச்சை அடக்க முடியும்? வாயால் சொல்ல வேண்டாம். இப்போதே மூக்கைப் பிடித்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். நாற்பதில் நெஞ்சு முட்டும். ஐம்பதில் காது அடைக்கும். அறுபதைத் தொடுகிறவர்கள் நம்மில் குறைவு.

கொரட்டூர் ஏரிக்கரையில் குடியிருந்த செங்கல்வராயன் நூற்றைம்பது எண்ணுவார். அதனால் ஊரில் அவருக்கு 'முழுக்கு' என்று பட்டப்பெயர். அப்பா பிறத்தியார் நிலத்தில் ஏற்றம் இறைத்தவர். அந்தக் கிணற்றில்தான் மகன் நீந்தக் கற்றார். குடம் விழுந்தாலும் சால் அறுந்து விழுந்தாலும், சில சமயம் ஒரு பெண்ணே விழுந்தாலும், "கூப்பிடு அந்த முழுக்கை" என்பார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் சங்கிலி பிடித்து நிலம் அளந்தார்கள். தொழிற்சாலைகள் வரப்போவதாகச் சொன்னார்கள். பட்டா வைத்திருந்தவர்களுக்கு நஷ்டஈடு வந்தது. அதே நிலத்தில் மூன்று தலைமுறையாக முதுகு வளைத்தவர்களுக்கு ஒரு காகிதம்கூட வரவில்லை. கிணறுகளை மண் கொட்டி மூடினார்கள். மூடியவர்களில் செங்கல்வராயனும் ஒருவர், ஏனென்றால் அன்றைக்குக் கிடைத்த கூலிவேலை அதுதான்.

கிணறு போன இடத்தில் தொட்டி வந்தது. எந்த ஆலைக்கும் பின்பக்கம் தரைக்கடியில் ஒரு கழிவுத் தொட்டி இருக்கும். வருடத்துக்கு ஒரு தடவை அதன் அடியில் தங்கிய சகதியை வாரி எடுக்க ஆள் வேண்டும். அந்த வேலைக்குச் செங்கல்வராயனையும் அவருடைய கூட்டாளிகளையும் கூப்பிட்டார்கள். எந்த ஆலையின் வருகைப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் ஏறவில்லை.

எழுபத்து நான்காம் வருடம், வானகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பசை ஆலை. மாவு கழுவிய தண்ணீர் தேங்கிப் புளித்துக் கிடக்கும் தொட்டி. ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு வாய், உள்ளே பதினைந்தடி ஆழம். முதலில் இறங்கியவர் துலுக்கானம். செங்கல்வராயனின் தங்கை வேம்புலியம்மாளுடைய கணவர். ஏணியில் பாதி தூரம் போனதும் அவருடைய கை நழுவியது. அவர் பெயரைக் கத்திக்கொண்டே, கூட வந்த சின்னசாமி இறங்கினார். அவரும் விழுந்தார்.

டீ குடித்துவிட்டு வந்த செங்கல்வராயன் எதையும் கேட்கவில்லை. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கிணற்றில் குதிக்கிறவரைப் போல நெஞ்சு நிறைய மூச்சை வாங்கிக்கொண்டு இறங்கினார். முதலில் மச்சானைக் கொண்டுவந்தார். வெளியே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் இறங்கிச் சின்னசாமியைக் கொண்டுவந்தார். இரண்டு பேருக்கும் உயிர் இல்லை.

அவருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் அவருடைய புஜத்திலிருந்த தாயத்தைப் பார்த்தார்கள்.

சென்னைப் பக்கத்துப் பேச்சில் காத்து என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வீசுவதும் காத்து, பிடிப்பதும் காத்து. பாழுங்கிணற்றிலோ தொட்டியிலோ ஒருவர் செத்தால் 'காத்து அடிச்சிட்டுது' என்பார்கள். பேய் அடித்துவிட்டது என்று அர்த்தம். கறியோ கருவாடோ வெளியே எடுத்துப் போகும்போது சோற்றுப் பாத்திரத்தில் ஒரு அடுப்புக்கரித் துண்டு வைப்பது வழக்கம். கரி இருந்தால் காத்து அண்டாதாம்.

அன்றைக்கு என்ன நடந்தது தெரியுமா? போலீஸ் வருவதற்கு முன்னால், ஆலையின் சூப்பர்வைசர் ஜெயராமன் துலுக்கானத்தின் தூக்குப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தார். உள்ளே சோறும் கருவாட்டுக் குழம்பும் இருந்தன. கிளறிப் பார்த்தார்.

"கரி வெக்கலியே! பொண்டாட்டி கரி வெக்காம குடுத்து அனுப்பிக்கீறா. காத்து சும்மா வுடுமா?"

அவ்வளவுதான். இரண்டு உயிர் போனதற்கு ஆலை பொறுப்பில்லை, ஒரு கரித்துண்டுதான் பொறுப்பு. அடுத்த வாரம் பூசணிக்காய் உடைத்துக் கணக்கை முடித்தார்கள். வேம்புலியம்மாளுக்கு அதே ஆலையின் கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலை கொடுத்தார்கள். அதற்குக் கருணை என்று பெயர். பக்கத்தில் உட்கார்ந்து கழுவுகிற பெண்கள் அவளோடு சோறு பகிர்ந்துகொள்ளவில்லை. புருஷனைக் காத்துக்குக் கொடுத்தவளாம்.

செங்கல்வராயனும் அதை நம்பினார். தங்கை வீட்டுப் படி ஏறுவதை நிறுத்தினார். ஒருநாள் வழியில் மறித்து அவள் கேட்டாள்: "நீயுமாண்ணா?" அவர் சைக்கிளை ஒடித்துத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிடும்போது பாதியில் எழுந்து ஏரிக்கரைக்குப் போவார். போனவர் உடனே திரும்பி வருவார். மூச்சை அடக்கி எண்ணுவார், விட்டுவிட்டு மறுபடி எண்ணுவார். "இன்னாத்த எண்ணிகினு கீற?" என்று மனைவி அங்கம்மா கேட்பாள். அவர் எண்ணிக்கொண்டிருந்தது ஏணிப்படிகளை. மச்சானின் கை எந்தப் படியில் நழுவியது? நாலாவதா, ஐந்தாவதா?

எழுபத்தேழில் ஆவடிக் குடியிருப்பிலிருந்து ஆள் வந்தது. பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த கலியமூர்த்தி வீட்டுப் பித்தளைக் குடம் பொதுக்கிணற்றில் விழுந்துவிட்டதாம். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. குடத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தவர், மனமகிழ் மன்றத்தின் ஜன்னலில் கும்பலைப் பார்த்து நின்றார். உள்ளே மரக்கதவு போட்ட பெட்டியில் டெலிவிஷன் ஓடிக்கொண்டிருந்தது. உறுப்பினர்களுக்கு நாற்காலி. வாசல் பெருக்குகிறவர்களுக்கும் பால்காரர்களுக்கும் ஜன்னல் கம்பி.

பெட்டிக்குள் கடல். கறுப்பும் வெளுப்புமாக, ஆனாலும் கடல். ஞாயிறுதோறும் மாலையில் வரும் வெளிநாட்டுத் தொடர் அது. ஒரு கப்பல், அதிலிருந்து குதிக்கிற ஆட்கள், கீழே விதவிதமான உயிர்கள். விளக்கம் எல்லாம் ஆங்கிலத்தில். அன்றைக்குப் பாறை இடுக்கிலிருந்து ஒரு ஆக்டோபஸ் வெளியே வந்தது.

"எட்டுக் கையி பாரு மாமே! இத்த ஃபேக்டரில சேத்தா ஒரே ஆளு நாலு மெஷினு பாப்பான்" என்றார் பால்காரர்.

"எட்டுக் கைக்கும் சேத்து ஒரு சம்பளந்தான் குடுப்பானுங்கோ, போவியா" என்றார் பக்கத்திலிருந்தவர்.

ஜன்னலில் சிரிப்பு எழுந்தது. நாற்காலியிலிருந்து மன்றச் செயலாளர் திரும்பினார். "வெளியாளுங்க ஜன்னல்ல நிக்காதீங்கப்பா! உள்ள காத்து வரலை."

கும்பல் கலைந்தது. உள்ளே இருந்த கலியமூர்த்தி எழுந்து வெளியே வந்து, செங்கல்வராயனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"இன்னா அண்ணாத்தே, நீ மெம்பரு, சேரு கீதுல்ல?"

"இருக்கட்டும். நான் நின்னே பாக்கறேன். மெம்பர் நின்னா காத்து மறைக்காது போலிருக்கு."

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் செங்கல்வராயன் கொரட்டூரிலிருந்து ஆவடிக்குச் சைக்கிள் மிதித்தார். கலியமூர்த்தி ஜன்னலுக்கு வெளியே நின்று ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் சொன்னார். ஒரு வாரம் திமிங்கலம் வந்தது. ஏரிக்கரைத் தெருவே அடைகிற நீளம். தண்ணீரைப் பிளந்துகொண்டு மேலே வந்து, தலையிலிருந்து நீராவியைப் பீச்சியது.

"இது மீன் இல்லையாம். மூச்சு வாங்க மேலே வந்தே ஆகணுமாம்."

"வர்லன்னா?"

"செத்துப் போகும்."

"கடல்லயே பொறந்தது, கடல்லயே சாவுமா?"

"எங்க பொறந்தா என்ன? காத்து இல்லன்னா சாவுதான்."

செங்கல்வராயன் அன்றைக்கு அதை அப்படியே விட்டுவிட்டார். ஆனால் அது அவரை விடவில்லை. அடுத்த ஞாயிறு, கப்பலிலிருந்து ஓர் ஆள் முதுகில் உருளையைக் கட்டிக்கொண்டு குதித்தான். எண்ணத் தொடங்கினார் செங்கல்வராயன். நூற்றைம்பது தாண்டியது, இருநூறு தாண்டியது. அந்த ஆள் ஓர் ஆமைக்குப் பின்னால் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தான்.

"முதுவுல இன்னா அது? வெல்டிங் சிலிண்டரா? அம்பத்தூர்ல நெறைய கீது. ஒண்ணு வாடகைக்கு எடுக்கலாமா?"

"ஐயையோ, அதைத் தொட்டுடாதே. அது ஆக்சிஜன், ஒரு பொறி பட்டா ஆளே எரிஞ்சிடுவான். இது வேற. வெறும் காத்து. நீயும் நானும் இப்ப இழுக்கிறோமே, அதேதான். அமுக்கி அடைச்சு வச்சிருக்கான்."

"வெறும் காத்தா?"

"வெறும் காத்து."

செங்கல்வராயன் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்தார். படம் முடிவதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அம்பத்தூர் வரைக்கும் ஒரே யோசனை. அந்தத் தொட்டிக்குள் மூன்று பேர் இறங்கினோம். மச்சான் மூச்சு விட்டுக்கொண்டே இறங்கினான், செத்தான். சின்னசாமி கத்திக்கொண்டே இறங்கினான், கத்த வேண்டுமானால் மூச்சை இழுத்தாக வேண்டும், செத்தான். நான் மட்டும் மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கினேன். உள்ளே ஒரு வாய்கூட இழுக்கவில்லை. பிழைத்தேன். தாயத்து என்ன செய்தது? கரி என்ன செய்திருக்கும்? காத்து அடிக்கவில்லை. காத்து இல்லை.

எந்தப் புத்தகமும் இதை அவருக்குச் சொல்லித்தரவில்லை, கலியமூர்த்தியும் சொல்லவில்லை. தன் சொந்த நெஞ்சில் அடக்கிய மூச்சை வைத்து அவர் கண்டுபிடித்தார். படித்துப் பட்டம் வாங்கிய ஆலை நிர்வாகிகளுக்கு மூன்று வருடமாகத் தெரியாமல் இருந்ததா, தெரிந்துகொள்ளாமல் இருந்தார்களா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

மறுநாள் பூந்தமல்லிக்குப் போனார். லாரி டயருக்குக் காற்று அடிக்கிற கடையின் முன்னால் அரைநாள் நின்றார். கம்ப்ரஸர் உறுமுவதையும் குழாயின் நுனியில் புழுதி பறப்பதையும் பார்த்தார். முதுகில் கட்டும் உருளை கிடைக்காது. ஆனால் குழாயைத் தொட்டிக்குள் விட்டால்?

ஆயுத பூஜைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஜெயராமன் ஏரிக்கரைக்கு வந்தார். வெள்ளிக்கிழமை அதே தொட்டியை வார வேண்டும், இன்னும் இரண்டு ஆளைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

"எனுக்கு ஒரு காத்து மெஷினு வேணும் சார்."

"இன்னா மெஷினு?"

"டயருக்கு அடிக்கிறது. பூந்தமல்லில வாடகைக்குத் தர்றான்."

"ஏன்யா, தொட்டிக்கு எத்தினி சக்கரம் கீது?" ஜெயராமன் தானே சிரித்துக்கொண்டார். "பயப்படாத. இந்தத் தபா பூசைய பலமா போட்டுர்லாம். கறுப்பு சேவலு, எலுமிச்சம்பழம், எல்லாம் கம்பெனி செலவு."

வரமாட்டேன் என்று சொல்லலாம். அவர் மாட்டேன் என்றால் வேறு மூன்று பேர் வருவார்கள். மூச்சை அடக்கத் தெரியாதவர்களாக இருப்பார்கள். எனவே போனார்.

வெள்ளிக்கிழமை காலை தொட்டியின் மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். புளித்த நாற்றம். சூடம் எரிந்தது. பூசாரி சேவலின் கழுத்தைப் பிடித்தபோது செங்கல்வராயன் குறுக்கே வந்தார்.

"அறுக்காத. குடு இங்க."

ஒரு கூடையில் சேவலை உட்கார வைத்தார். அடுப்புக்கரித் துண்டு ஒன்றை உள்ளே போட்டார். எலுமிச்சம்பழத்தையும் வைத்தார். தன் புஜத்திலிருந்த தாயத்தை அவிழ்த்துச் சேவலின் காலில் கட்டினார். கூடையைக் கயிற்றில் கோத்து மெதுவாக இறக்கினார். உரக்க எண்ணினார். நாற்பது வரை இறக்கைச் சத்தம் கேட்டது. அறுபதில் இழுத்தார். சேவலின் தலை கூடைக்கு வெளியே தொங்கியது.

ஜெயராமன் கூடையை எட்டிப் பார்த்தார்.

"சர்தான். காத்து பலி வாங்கிகிச்சி. இனிமே பயமில்ல, எறங்குங்க."

கூட வந்த இரண்டு பேரில் ஒருவர் உண்மையிலேயே லுங்கியை மடித்துக் கட்டத் தொடங்கினார். மூடத்தனத்துக்குத் தோல்வியே கிடையாது. சேவல் பிழைத்திருந்தால் கரி காப்பாற்றியது என்பார்கள். செத்தால் பேய் பலி வாங்கியது என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் இறங்க வேண்டியவர் தொழிலாளிதான்.

செங்கல்வராயன் இரும்பு மூடியை இழுத்துத் தொட்டியின் வாயில் போட்டார். அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"பயமில்லன்னா நீ மொதல்ல எறங்கு சார். மூடிய தொறந்து வுடறேன்."

"எந்திரிய்யா! வேலய பாரு!"

அப்போது கேன்டீன் பக்கமிருந்து, சாம்பல் கையோடு வேம்புலியம்மாள் வந்தாள். செத்த சேவலைப் பார்த்தாள். கூடைக்குள் கையை விட்டுக் கரித்துண்டை எடுத்து ஜெயராமனின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதுக்குக் கரி வெச்சிக்கீதே சார். இது ஏன் செத்திச்சி? இதோட பொண்டாட்டி யாரு, சொல்லு?"

அவள் போய் மூடியின்மேல் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று வருடத்தில் அவர்கள் இவ்வளவு நெருங்கி உட்கார்ந்ததில்லை. செங்கல்வராயன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நானுந்தான் நம்பிட்டேம்மா."

"தெரியும். சாப்ட்டியா?"

அவர் சாப்பிட்டிருக்கவில்லை. அவள் தன் தூக்குப் பாத்திரத்தை எடுத்து வந்தாள். கருவாட்டுக் குழம்பு, கரியில்லை. இருவரும் மூடியின்மேல் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டார்கள். மற்றப் பெண்களும் வெளியே வந்து பார்த்துக்கொண்டு நிற்க, கேன்டீனில் பாத்திரம் கழுவ ஆளில்லாமல் மதியச் சாப்பாடு நின்றது. சாப்பாடு நின்றதும் மெஷின்காரர்கள் வெளியே வந்தார்கள், காரணம் கேட்டார்கள். கேட்டவர்கள் உள்ளே திரும்பவில்லை. லுங்கியை மடித்துக் கட்டியவர் அதை இறக்கிவிட்டுக்கொண்டார்.

மூன்று மணிக்குப் பூந்தமல்லியிலிருந்து மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் கம்ப்ரஸர் வந்து சேர்ந்தது. நியாயத்துக்காக வரவில்லை, உற்பத்தி நின்றதற்காக வந்தது. குழாயை உள்ளே விட்டு, வெகுநேரம் ஓட்டினார்கள். இன்னொரு கோழியை இறக்கினார்கள். கரி இல்லை, எலுமிச்சை இல்லை, தாயத்து இல்லை. அது ஐந்து நிமிடம் கீழே இருந்துவிட்டு மேலே வந்து, கூடையைக் கொத்தியது.

செங்கல்வராயன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கம்ப்ரஸரும் ஓடிக்கொண்டிருக்க, இறங்கினார். பழக்க தோஷம், மூச்சை அடக்கியபடியே போனார். அடியில் சகதியில் கால் பட்டதும் நின்றார். மச்சான் கிடந்த இடம். அங்கே நின்று, பயந்து பயந்து, ஒரு வாய் இழுத்தார். நாற்றம். ரப்பர் வாடை. ஆனால் காற்று. இன்னொரு வாய் இழுத்தார். மேலே நின்றவர்களுக்குத் தொட்டியிலிருந்து குரல் கேட்டது.

"இங்க காத்து கீதுடி, வேம்புலி!"

அந்தப் பசை ஆலை அவரை மறுபடி கூப்பிடவில்லை. மற்ற ஆலைகளும் மெல்லக் கூப்பிடுவதை நிறுத்தின. அடுத்த வருடம் அதே தொட்டியில் யாரை இறக்கினார்கள், குழாயோடா, குழாய் இல்லாமலா என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாததுதான் அவரைத் தூங்கவிடாமல் அடித்தது. கடல் தொடரும் முடிந்துபோயிற்று. அந்த நேரத்தில் விவசாய நிகழ்ச்சி வந்தது. நிலத்தை இழந்தவர்கள் ஜன்னலில் நின்று, உரம் போடும் முறையைப் பார்த்தார்கள்.

செங்கல்வராயன் ஜன்னலில் நிற்கவில்லை. சைக்கிளின் பின்னால் ஒரு கூடையைக் கட்டி, அதில் ஒரு கோழியை வைத்துக்கொண்டு அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே சுற்றினார். எங்கே மூடி திறந்திருக்கிறதோ அங்கே நிறுத்துவார். "மொதல்ல இத்த எறக்கிப் பாரு" என்பார். சில இடங்களில் கேட்டார்கள். பல இடங்களில் விரட்டினார்கள். 'முழுக்கு' போய், 'கோழிக்காரன்' என்று பெயர் வந்தது. அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவருடைய கவலை எல்லாம் தான் போய்ச் சேராத மூடிகளைப் பற்றியது.

அவர் ஒருவர். சைக்கிள் ஒன்று. மூடிகளோ ஆயிரம். அதில் ஒன்று உங்கள் தெருவிலும் இருக்கிறது. அடுத்த முறை அது திறந்திருப்பதையும், வெறும் உடம்போடு ஒரு மனிதர் அதன் விளிம்பில் நிற்பதையும் பார்த்தால், துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகாதீர்கள். இவருக்குக் காற்று எங்கே என்று அவரை இறக்குகிறவரிடம் கேளுங்கள். பதில் வரவில்லையானால், மூடியைப் போட்டு அதன்மேல் உட்காருங்கள். காற்று வரும்வரை எழுந்திருக்காதீர்கள்.